கேட்டுக்கு இந்தப் பக்கம் இசக்கிமுத்து

"ஊஊஊ… ஊஊஊ…"

வாயைக் குவித்து நீளமாக ஊதிவிட்டு, இசக்கிமுத்து கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். யாருக்கும் ஆபத்தில்லை. எழுந்திருக்கப் போகிறார், அவ்வளவுதான். அவர் வேலை பார்க்கும் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடத் தொடங்கும் முன்பு ஹூட்டர் ஊத வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆன உடம்பு கட்டிலை விட்டு எழும்புவதும் அதற்குக் குறைந்த சமாச்சாரம் இல்லை என்பது அவருடைய கட்சி.

"வளரு, லைன் கிளியரா?"

அடுப்படியில் இருக்கும் மனைவி வளர்மதி இந்த விளையாட்டில் சேருவதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டிலின் பக்கத்தில் நின்றுகொள்வார். பிடிக்கவும் மாட்டார், நகரவும் மாட்டார்.

இனி அவர் எழும் முறையைக் கவனிக்க வேண்டும். முதலில் முழங்கால்களை மடக்குகிறார். பிறகு தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டையைப் புரட்டுவது போல, பக்கவாட்டில் உருளுகிறார். இடுப்பை மட்டும் முறுக்கிவிடக் கூடாது. காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி, "ஏ யப்பா" என்று ஒரு தம் பிடித்து உட்காருகிறார். இதைச் சொல்லிக்கொடுத்த டாக்டரிடம், "பெல்ட்டுக்கு அடியில உருளுத ரோலரைத்தான் சார் காலம் பூரா மாத்திக்கிட்டுக் கெடந்தேன். கடைசியில என்னையே ரோலர் ஆக்கிட்டீங்களே" என்றாராம். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம். இசக்கிமுத்து சொல்லும் கதைகளில் டாக்டர்கள் எல்லோரும் விழுந்து விழுந்துதான் சிரிப்பார்கள். விழாமல் சிரித்த டாக்டர் ஒருவரும் இதுவரை வந்ததில்லை.

உட்கார்ந்ததும் பனியனுக்கு மேல் இடுப்புப் பட்டை ஏறும். பட்டையை இழுத்து ஒட்டும்போதெல்லாம் ஒரே வசனம்: "இத்தனை வருஷம் நான் பெல்ட்டைப் பாத்துக்கிட்டேன். இப்ப பெல்ட்டு என்னைப் பாத்துக்கிடுது." முதல் தடவை வளர்மதி லேசாகப் புன்னகை செய்தார் என்று ஞாபகம். அதற்கப்புறம் பட்டையின் நுனியைச் சரிபார்ப்பதோடு சரி.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இளைஞனாக வந்து, நெய்வேலி குவார்ட்டர்ஸிலேயே மீசை நரைத்தவர் இசக்கிமுத்து. வேலை, கன்வேயர் லைனில் நடப்பது. வெட்டிய நிலக்கரியைச் சுமந்துகொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் ஓடும் பெல்ட்டின் ஓரமாக நடந்து, எந்த ரோலர் கத்துகிறது, எது சூடாகிறது, எங்கே கரி சிந்துகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆபீசில் உட்காரும் வேலை வந்தபோது வேண்டாம் என்றவர். "நாற்காலியில உக்காந்தா முதுகு போயிரும்" என்று அப்போது அவர் சொன்ன காரணத்தை இப்போது சிங்காரவேல் அடிக்கடி நினைவுபடுத்துகிறார். சிங்காரவேல் அதே லைனில் கூட வேலை செய்பவர். சேத்தியாத்தோப்புச் சாலையில் உள்ள கிராமத்துக்காரர். ஷிப்ட் முடிந்தால் முதலில் இங்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

சுரங்கம் இசக்கிமுத்துவுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. ஹூட்டர் கேட்டால் அவருடைய கால் தானாக ஒதுங்கும். பெல்ட் பக்கமிருந்து ஓரடி விலகி நின்று, வலது கையை உயரத் தூக்குவார். "நான் ஒதுங்கிட்டேன், நீ ஓட்டிக்கோ" என்று அர்த்தம். மூளையைக் கேட்டுக்கொண்டெல்லாம் இது நடப்பதில்லை. பண்ருட்டித் தியேட்டர் ஒன்றில் குடும்பத்தோடு படம் பார்க்கப் போனபோது, திரையில் மில் சங்கு ஊதியது. இசக்கிமுத்து எழுந்து வழிப்பாதையில் விலகி நின்று கையைத் தூக்கிவிட்டார். பின்வரிசைக்காரர்கள் போட்ட சத்தத்தில்தான் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தது. வளர்மதி அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மீதிப் படம் முழுக்கச் சிரித்தார். அப்படியெல்லாம் சிரிப்பவராகத்தான் இருந்தார்.

முதுகு எப்படிப் போனது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய் அவர் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், கதை தானாகவே வரும். இரும்பு ரோலர்களை அநாயாசமாகத் தோளில் ஏற்றிய முதுகு, ஒரு பலாப்பழத்துக்குத்தான் விழுந்தது. சீசன் தொடங்கிய சமயம். பண்ருட்டியிலிருந்து ஆட்டோவில் பழம் வந்து இறங்கியது. "நான் தூக்கியாந்து உள்ள வச்சிட்டுப் போறேங்க" என்று ஆட்டோக்காரர் சொன்னார். "யோவ், நாங்க மைன்ஸ்ல தூக்காத வெயிட்டா?" என்று அவரை அனுப்பிவிட்டு, இசக்கிமுத்து குனிந்து பழத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். வீட்டு கேட்டுக்கு வெளியே சாக்கடை மேல் ஒரு சிமெண்ட் பலகை போட்டிருக்கிறது. அதன் மேல் நின்றபடி, பழத்தைக் கீழே வைக்காமல், திரும்பிக் காலால் கேட்டைத் தள்ளினார். முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அவர் தரையில்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் கதை இத்தோடு நிற்காது. வருகிறவர்களைப் பொறுத்துப் பழம் பெருத்துக்கொண்டே போகும். சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது நடுத்தரமாக இருந்த பழம், யூனியன்காரர்கள் வந்தபோது இரண்டு பேர் தூக்கும் பழமாகிவிட்டது. கடைசியில் ஒரு கட்டம் வரும். அதற்காகவே குரலை இறக்கிக்கொள்வார்.

"நான் இங்க மல்லாக்கக் கெடக்கேன். பழம் ரோட்டுல உருண்டு ஓடுது. இவ என்ன செஞ்சாங்கிறீங்க? என்னைத் தாண்டிப் பழத்தைப் பிடிக்க ஓடுதா! புருஷன் எங்க போயிரப் போறான், பழம் போயிட்டா?"

அறையே அதிரும். இருமல் வரும் வரை சிரிப்பார்கள். வளர்மதி அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே காபி போட எழுந்து போய்விடுவார். காபி வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் காபி வரும்.

நோயாளிக்கு வைத்தியம் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள், எல்லா மாவட்டத்து வைத்தியமும் வரும். மதுரைக்காரர் ஆட்டுக்கால் சூப் என்பார். கோயம்புத்தூர்க்காரர் கொள்ளு என்பார். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் எண்ணெய் போட்டு நீவிவிடும் ஆள் ஒருவரின் பெயரைச் சொல்லுவார்கள். இசக்கிமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். "உள்ள ஸ்க்ரூ போட்டுருக்காங்க. துருப் பிடிக்காதாம். நம்ம ஸ்டோர்லகூட அந்தக் குவாலிட்டி கெடையாது" என்று முதுகைத் திருப்பிக் காட்டுவார். தையல் தழும்பைப் பார்த்து யாராவது "ஐயோ" என்றால், "ஜிப் வச்சிருக்கு. அடுத்த தடவை ஈசியாத் தொறந்துக்கலாம்" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் வளர்மதி ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டியபோது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாக "வாட்டர் சர்வீஸ் நடக்கு, யாரும் வராதீங்க" என்று கத்தியவரும் அவர்தான். அன்றைக்கு அவர் தலையில் தண்ணீர் ஊற்றியது வசதியாகப் போயிற்று. அவர் கண்ணிலிருந்து வந்தது எது, சொம்பிலிருந்து வந்தது எது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு கயிறு. பெல்ட் லைன் நெடுக ஒரு கயிறு கட்டியிருக்கும். புல் கார்டு என்பார்கள். யாருக்காவது ஆபத்து என்றால் அந்த இடத்தில் கயிற்றை இழுத்தால் போதும், முழு பெல்ட்டும் நின்றுவிடும். திரும்ப ஓட்டுவதுதான் கஷ்டம். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடி பட்டனைத் தட்டி ஓட்டிவிட முடியாது. எந்த இடத்தில் இழுத்தார்களோ அந்த இடத்துக்கே ஒருவர் நடந்து போக வேண்டும். என்ன ஏது என்று நேரில் பார்க்க வேண்டும். பிறகு அங்கே இருக்கும் ஸ்விட்சைக் கையால் எடுத்துவிட வேண்டும். அதைத்தான் ரீசெட் என்பது. வெயிலிலும் மழையிலும் அப்படி நடந்தே தேய்ந்தவை இசக்கிமுத்துவின் கால்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சிங்காரவேலைப் பிடித்து, கட்டிலிலிருந்து ஹால் வழியாக அடுப்படி வரை நைலான் கயிறு கட்டச் சொன்னார். படுத்தபடியே சூப்பர்வைசர் வேலை.

"என்னாண்ணே, படுத்துகினே இந்த வெரட்டு வெரட்டுறீங்க?" என்றார் சிங்காரவேல், ஸ்டூல் மேல் நின்றபடி.

"மட்டம் பாத்துக் கட்டும்யா. தொங்குது பாரு."

கட்டில் ஓரத்தில் ஒரு ஸ்விட்ச், அடுப்படியில் ஒரு மணி. கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். கட்டிலுக்கு வந்து ஸ்விட்சை மேலே தள்ளும் வரை அடித்துக்கொண்டே இருக்கும். அவரே கையை நீட்டித் தள்ளிவிடலாம்தான். மாட்டார். ஆள் நேரில் வந்து பார்க்காமல் ரீசெட் கிடையாது என்று சட்டம் பேசுவார். தண்ணீருக்கு ஓர் இழுப்பு. மின்விசிறியைக் குறைக்க ஓர் இழுப்பு. ரிமோட் தலையணைக்கடியில் இருக்கிறதா என்று பார்க்க ஓர் இழுப்பு. குழம்பில் கரண்டியைப் போட்டுவிட்டு வளர்மதி ஓடி வருவார், ஸ்விட்சைத் தள்ளுவார், போவார். ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. அதுதான் இசக்கிமுத்துவுக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

இப்படியாக உடம்பு தேறிக்கொண்டுதான் வந்தது. வாக்கரை விட்டார். சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு சுவரையும் விட்டார். இருமல் வந்தால் வயிற்றை அமுக்கிக்கொண்டு இருமவும், தும்மலை மூக்கிலேயே சமரசம் பேசித் திருப்பி அனுப்பவும் கற்றுக்கொண்டார். வலது பாதத்தில் மட்டும் ஒரு மரமரப்பு பாக்கி. "ஷிப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாத ஆள் மாதிரி அது மட்டும் சுத்திக்கிட்டுக் கெடக்கு" என்பார். வெளியே இறங்கி நடக்கத் தொடங்குங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்க நடக்கத்தான் அந்தக் கால் தேறும், வீட்டுக்குள்ளேயே இருந்தால் அப்படியே நின்றுபோகும், பிறகு லைனில் நடக்கும் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

இசக்கிமுத்து கேட் வரை போவார். கேட்டின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியே அந்தச் சிமெண்ட் பலகை தெரியும். அதைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளங்கை வேர்க்கும். முதுகுக்குள் 'டக்' என்று கேட்கும். கேட்கவில்லை என்று அவருக்கே தெரியும், ஆனாலும் கேட்கும். அவ்வளவுதான், திரும்பிவிடுவார். திரும்பும்போது கையில் ஒரு காரணம் தயாராக இருக்கும். வெயில். மழை வரும்போல இருக்கிறது. தெருவில் நாய். ஒருநாள் எதுவும் கிடைக்காமல், "லைன்ல ஷட்டவுன் போட்டிருக்காங்க" என்றார். டாக்டரிடம் செக்கப்புக்குப் போகும்போது வளர்மதி ஒரு பக்கமும் சிங்காரவேல் ஒரு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்ள, கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தாண்டுவார். "கல்யாண மாப்பிள்ளை கணக்காப் போறேன்" என்று அதற்கும் ஒரு வசனம் உண்டு.

உடற்பயிற்சி சொல்லித்தர சரிதா என்ற பெண் ஸ்கூட்டரில் வருவார். பண்ருட்டிக்காரப் பெண், கெட்டிக்காரி.

"வெளிய நடந்துகினு இருக்கீங்களா அங்கிள்?"

"பின்னே? பிளாக் முனை வரைக்கும் போயிட்டு வாரேனே. டீக்கடைக்காரன்கூட கேட்டான், என்ன சார் ஸ்பீடு கூடிப் போச்சுன்னு."

சரிதா குனிந்து, வாசலில் கிடந்த அவருடைய புது கேன்வாஸ் ஷூவை எடுத்துத் திருப்பினார். அடிப்பாகம் பளபளவென்றிருந்தது. கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு கசங்காமல் அப்படியே இருந்தது.

"பறந்து போய்ட்டு வந்தீங்களா அங்கிள்?"

இசக்கிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. பிடிபட்ட கதையையும் அன்று சாயங்காலம் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைத்தார். ஆனால் சரிதா கிளம்பும்போது வளர்மதியிடம் வாசலில் நின்று பேசியது ஹாலில் படுத்திருந்தவருக்குக் கேட்டது.

"காலு நல்லாத்தான் இருக்குதுங்க ஆன்ட்டி. பயந்துகினு இருக்காரு. அவரு பயத்தச் சொன்னாருன்னா எதுனா பண்ணலாம். ஜோக்குச் சொல்றாருங்க."

வளர்மதி சொன்ன பதில் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இசக்கிமுத்து நன்றாகத் தூங்கிப்போனார். அவரை எழுப்பியது மணிச் சத்தம். அடுப்படி மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கையைப் பார்த்தார், கை போர்வைக்குள் இருந்தது. ஸ்விட்சைப் பார்த்தார், அது மேலேதான் இருந்தது.

"வளரு! நான் இழுக்கலையே. என்னன்னு பாரு!"

மணி மட்டும் அலறியது. "ஊஊஊ" என்று ஊதிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வர யாருமில்லை. கட்டிலின் பக்கத்தில் வழக்கமாக வளர்மதி நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. உருண்டார், முழங்கையை ஊன்றினார், எழுந்தார். பட்டையை ஒட்டினாரா, வசனம் சொன்னாரா என்பதெல்லாம் ஞாபகமில்லை.

அடுப்படியில் ஆள் இல்லை. ஆனால் மணியிலிருந்து இன்னொரு கயிறு புதிதாகக் கிளம்பி ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே யார் கட்டியது என்று தெரிந்துபோயிற்று. சிங்காரவேல் போடும் முடிச்சு அது. தான் தூங்கும்போது வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறான், படவா! எங்கே இழுத்திருக்கிறார்களோ அங்கே போக வேண்டும். இசக்கிமுத்து வாசலுக்கு வந்து, கயிற்றில் கையை ஓட்டியபடி, அதன் கூடவே நடந்தார். லைனில் நடப்பது போலவே நடந்தார். கயிறு செம்பருத்திச் செடியைச் சுற்றி, கேட்டுத் தூணுக்குப் போய், தூணின் வெளிப்பக்கம் திரும்பி முடிந்தது. அங்கே ஒரு ஸ்விட்ச் கீழே இழுபட்டுக் கிடந்தது.

வெளியே, அந்தச் சிமெண்ட் பலகையின் மேல், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வளர்மதி உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி! விழுந்துட்டியா? அடி பட்டிருக்கா?"

"ஒண்ணுமில்ல."

இசக்கிமுத்து கேட்டைத் திறந்தார். கேட்டுக்கு உள்ளேயே நின்றபடி, உடம்பை வளைக்காமல், ஒரு கையை மட்டும் தூணைச் சுற்றி வெளியே விட்டு ஸ்விட்சைத் துழாவினார்.

"பெல்ட்டுலயும் இப்படித்தான் எட்டி நின்னு ரீசெட் பண்ணுவீங்களா?" என்றார் வளர்மதி.

கை நின்றது. "பண்ண மாட்டோம்."

"என்ன ஏதுன்னு கேப்பீங்கதானே. கேளுங்க."

உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகம் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"என்னட்டி ஆச்சு?" என்றார் இசக்கிமுத்து.

ஊரை விட்டு வந்து எத்தனை வருஷமானால் என்ன, வளர்மதிக்கு மனசு விட்டுப் பேசினால் ஊர்ப்பேச்சுத்தான் வரும். "நான் பழத்தைப் பிடிக்கவா ஓடுனேன்? வாரவுக போறவுக எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிக்கியளே. காலு ரெண்டும் அசைய மாட்டேங்குன்னு நீங்க சொன்னிய. ஆட்டோ முனை திரும்பப் போவுது. அதைப் பிடிக்க ஓடுனேன். பழமும் அந்தப் பக்கந்தான் உருண்டுச்சு, நான் என்ன செய்ய? திரும்பி ஒரு தடவை பாக்கலாம்னு தோணுச்சு. பாக்கல. பாத்தா நீங்க மூச்சில்லாமக் கெடப்பியளோன்னு பயம். அந்தப் பயத்தோடயே ஓடுனேன். இப்பவும் தெனம் பாலுக்குப் போகும்போது இந்தப் பலகையத் தாண்டித்தான் போறேன். தெனமும் நீங்க இங்க கெடக்கிய."

இசக்கிமுத்துவின் வாய் பழக்கத்தில் ஒரு பதிலுக்குத் திறந்தது. நல்ல பதில்தான், வந்தவர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அதை அவர் விட்டுவிட்டார். மீசை மட்டும் ஒரு தடவை அசைந்தது.

"எனக்குத் தெரியாதுட்டி. நீ ஓடுனதை மட்டுந்தான் பாத்தேன்."

"கேட்டாத்தானே தெரியும்."

"எனக்கும் பயமா இருக்கு, வளரு. இந்த எடத்தைப் பாத்தாலே கை வேர்த்துப் போவுது. இந்தா பாரு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மெய்யாகவே ஈரமாக இருந்தது. "திரும்பக் கெடையில விழுந்துட்டா, நீ திரும்பவும் என்னைக் குளிப்பாட்டணும். அதை நெனச்சாத்தான் கால் நகர மாட்டேங்கு."

"குளிப்பாட்டுனது எனக்குக் கஷ்டமா இல்லை. வாட்டர் சர்வீஸுன்னு நீங்க கத்துனதுதான் கஷ்டமா இருந்துச்சு."

வளர்மதி எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"பாத்தாச்சு, கேட்டாச்சு. இப்ப ரீசெட் பண்ணுங்க."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, கையை வெளியே நீட்டி ஸ்விட்சை மேலே தள்ளினார். மணி நின்றது. தெருவே திடீரென்று அமைதியானது போல இருந்தது. வளர்மதி அவரைக் கடந்து உள்ளே வந்தார். தோளைத் தொடவில்லை, கையைப் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றும் சத்தம் பின்னால் கேட்டது.

இசக்கிமுத்து திறந்த கேட்டின் நடுவில் நின்றார். முன்னால் பலகை. காலியான பலகை. வலது பாதத்தில் மரமரப்பு. வெயில் இல்லை, மழை வரும் அறிகுறி இல்லை, நாய்கூட எங்கோ போயிருந்தது. ஒரு காரணமும் கைவசம் இல்லாமல் ஒரு மனிதர் தம் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு நேரம் நின்றார். திரும்பிவிடலாம் என்று கம்பியின் மேல் கையை வைத்தார்.

"ஊஊஊஊ… ஊஊஊஊ…"

அவர் வாயிலிருந்து வந்ததல்ல. வாசற்படியில் நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, பிளாக் முழுக்கக் கேட்கும்படி வளர்மதி ஊதினார். எதிர்வீட்டு ஜன்னலில் அந்த முகம் மறுபடி வந்தது. சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

இசக்கிமுத்துவின் கால் ஒதுங்கியது. வலது கால்தான் முதலில் கேட்டைத் தாண்டிப் போயிற்று, இடது கால் கூடவே வந்தது. பலகையின் மேல், தெருவைப் பார்த்தபடி நின்றார். திரும்பிப் பார்க்காமல், வலது கையை உயரத் தூக்கினார்.